தாய்மாமன் இலையில் பாயசம்

என் அண்ணி சௌந்தரநாயகியின் சமையலை ஊரில் யாரும் பெரிதாகப் பேசுவது கிடையாது. வீட்டில் எல்லாச் சாமானும் இருக்கும் நாளில் அவர் சமையல் சுமார்தான். அதை நானே சொல்வேன். உப்பு குறையும், சாம்பார் தண்ணியாக ஓடும். ஆனால் டப்பாவெல்லாம் காலியாகக் கிடக்கும் நாள் ஒன்று வரட்டும், அன்றைக்குச் சமைப்பது வேறு ஆள்.

நான் குத்தாலத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பேர் இராஜாங்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன். கம்பி போதாவிட்டால் மோட்டாரைத் தொட மாட்டேன். "கம்பி வாங்கிட்டு வாய்யா, அப்பறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அண்ணி அப்படி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். பட்டறையில் நேரமாகி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு போய் நிற்பேன். புளித்த தோசை மாவில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்துவிட்டுப் பணியாரம் ஊற்றித் தருவார். சாயங்காலச் சுண்டல் மிஞ்சியிருந்தால் அது வடையாகி வரும். நன்றாயிருக்கிறது என்று வாயால் நான் சொன்னதில்லை. "இன்னும் ரெண்டு போடுங்க" என்பேன். அவ்வளவுதான் எனக்கு வரும்.

போன சித்திரையில் அண்ணன் காயாரோகணத்துக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் வைத்து அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. அண்ணன் மறுபடியும் தாலி கட்டும்போது அண்ணி உடுத்திக்கொள்ளும் புடவை அவர் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது எங்களில் வழக்கம். பிறந்த வீடு என்றால் இப்போது அவருடைய அண்ணன் அறிவுச்செல்வன்தான். திருவிடைமருதூர்க்காரர். அவர் எங்கள் வாசலை மிதித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் பாயசம். அண்ணன் மகள் பூமிகா கல்யாணத்தில் கூட்டம் கணக்குக்கு மேல் வந்துவிட்டது. தாய்மாமன் ஓடியாடி எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு வரும்போது பாயச அண்டாவில் கரண்டி தட்டும் சத்தம்தான் கேட்டது. பொண்ணுக்குத் தாய்மாமன் இலையில் பாயசம் விழவில்லை. பாதிச் சாப்பாடு வரை பார்த்துவிட்டு எழுந்து கை கழுவினார். போனவர் போனவர்தான். நாங்கள் போய்க் கூப்பிட்டோம், வரவில்லை. அண்ணி அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் பாயசத்தைத் தொடவில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு அண்ணனே போன் போட்டார். "மச்சான், சித்திரை அனுஷத்துல திருக்கடையூர்ல வச்சிருக்கு. மொத நாளே வீட்டுக்கு வந்துடுங்க."

அந்தப் பக்கம் "ம்" என்றது.

"வர்றேன்னாரா, வெறும் ம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"வெறும் ம்முதான்."

"அது போதும்."

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. போன வருஷம் சித்திரை மாதத்தில் அண்ணனின் ஜென்ம நட்சத்திரமான அனுஷம் இரண்டு தடவை வந்தது. மாதம் பிறந்த உடனே ஒன்று, கடைசியில் ஒன்று. அப்படி வந்தால் பின்னால் வருவதைத்தான் எடுக்கவேண்டும் என்று எங்கள் ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். பத்திரிகை அடித்து நேரில் வைக்கும்போது தேதி தெரியத்தானே போகிறது என்று அண்ணன் போனில் அதைச் சொல்லவில்லை. அறிவுச்செல்வன் காலண்டரைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். முதலில் வந்த அனுஷம் கண்ணில் பட்டிருக்கிறது.

வருஷப் பிறப்பு முடிந்த மறுநாள் காலை, பதினொரு மணி இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. மின்விசிறிகளைக் கழற்றித் தர நான் போயிருந்தேன். அடுப்படியைக் காலி செய்து சாமானெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. மளிகை தீர்ந்தும் அண்ணி வாங்கவில்லை, விசேஷத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று. அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது அறிவுச்செல்வன். பட்டுக்கரை வேட்டி. பின்னாலேயே அவர் மனைவி வானதி, மகன் ஜெகன், இன்னும் நாலைந்து பேர். வேனுக்குள் சீர்த்தட்டுகள் மின்னின.

நான் ஏணி மேல் நின்றபடியே எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன். அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. "மச்சான், வந்து... அனுஷம்..." என்று ஆரம்பித்தார்.

"வாங்கண்ணே!" என்று அண்ணி குறுக்கே புகுந்தார். அண்ணன் பக்கம் ஒரு பார்வைதான். அண்ணன் வாய் மூடிக்கொண்டது.

அறிவுச்செல்வன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா, நாளைக்கு விசேஷம், இன்னைக்குத்தான் சுண்ணாம்பு கரைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"உங்க மாப்பிள்ளைய உங்களுக்குத் தெரியாதாண்ணே? தாலி கட்டறதுக்கு மொத நாள்தான் அன்னைக்கும் மீசைய ஒதுக்கினாரு."

வானதி சிரித்துவிட்டது. அறிவுச்செல்வன் சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு அண்ணி கொல்லைக்கு வந்தார். நானும் அண்ணனும் பின்னாலேயே ஓடினோம்.

"சொல்லிடுவோம் நாயகி" என்றார் அண்ணன். "தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிடுவோம்."

"இப்பச் சொன்னா அந்த வேன்லயே ஏறிடுவாரு. ஒன்பது வருஷம் கழிச்சு வந்து, தேதி தெரியாத ஆளா நின்னோம்னு ஊரெல்லாம் சிரிக்கும்பாரு. அப்பறம் ஜென்மத்துக்கும் வரமாட்டாரு." அவர் குரல் நடுங்கியது. அதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "மொதல்ல சாப்பிடட்டும். இலையில பாயசம் விழட்டும். அப்பறம் நானே சொல்றேன்."

"பாயசமா? வீட்டுல என்ன இருக்கு?"

"பாப்போம்."

தெருமுனைக் கடைக்காரர் காதர் மைதீன் காரைக்காலில் சொந்தக்காரர் நிக்காஹ்வுக்குப் போய்விட்டார், கடை பூட்டு. நான் வண்டியில் குத்தாலம் போய் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி. வாசல்லதான உக்காந்திருக்காரு. நீங்க பையை எடுத்துக்கிட்டு ஓடினா, வீட்டுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுடும். அண்ணனை எதிர்பார்க்கவே இல்லைன்னு ஆயிடும். நீங்க செங்கல்லை வைங்க."

கொல்லையில் செங்கல் வைத்து இரண்டு அடுப்பு மூட்டினேன். தென்னை மட்டை எரிந்தது. அரிசிக்கு இந்தப் பக்கத்தில் என்ன பஞ்சம், அது மூட்டையாக இருந்தது. ரேஷன் துவரம்பருப்பு ஒரு கை இருந்தது. புளி பரணில் எந்தச் சாக்கில் என்று தெரியவில்லை. அண்ணி மாமரத்தைப் பார்த்தார். நான் கழியை எடுத்தேன். புளிக்குப் பதில் மாங்காய். மாடியில் போட்ட கூழ் வடகம் பாதிதான் காய்ந்திருந்தது. அதைப் பொரிக்க முடியாது. வழித்துவந்து மாங்காய்க் குழம்பிலேயே போட்டுவிட்டார். வாழைத்தண்டு ஒன்று வெட்டினோம். முருங்கைக் கீரை கைக்கெட்டியது.

கூட்டுக்குக் காய் இல்லை. மூலையில் ஒரு வெள்ளைப் பூசணி இருந்தது. வேலை முடிந்ததும் வாசலில் கட்டுவதற்கு வாங்கி வைத்தது. அண்ணி அரிவாள்மணையை இழுத்தார்.

வெள்ளையடிக்கிற ஆள் சுண்ணாம்பு மட்டையோடு ஓடிவந்தான். "அக்கா, அக்கா! அது திருஷ்டிக்கு வாங்குனது!"

"தொங்கவிட்டாத்தான்யா திருஷ்டிப் பூசணி. தரையில கெடக்கறவரைக்கும் அது காய்தான்" என்று சொல்லி இரண்டாகப் பிளந்தார். "பயமா இருந்தா உனக்குக் கூட்டு வேண்டாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா."

எல்லாம் ஆயிற்று. பாயசம்தான் நின்றது. வெல்லம் இல்லை, சர்க்கரை டீக்கே போதாது, பால் மோராகி வாசலில் குடித்தாயிற்று. சேமியா, ஜவ்வரிசி, முந்திரி எதுவும் கிடையாது. அண்ணி இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வேனில் சீர்த்தட்டுகளில் சர்க்கரையும் வெல்லமும் தேங்காயும் இருக்கத்தான் இருந்தன. அதை எடுத்துச் சமைக்கவா முடியும்?

பிறகு சாமி படத்துக்குக் கீழே இருந்த பையைக் கவிழ்த்தார். பங்குனியில் போய்வந்த கல்யாணங்களில் கொடுத்த தாம்பூலப் பைகள். வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது. தேங்காய் நாலு இருந்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு கல்கண்டுப் பொட்டலம். யாரும் தின்னாத கல்கண்டு. அண்ணி அதைக் குவித்துக் கையில் அள்ளியபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நகைக்கடை வாசலில்கூட அந்த முகம் வராது.

பச்சரிசி நொய்யை வாசம் வர வறுத்தார். நான் தேங்காய் துருவினேன், அண்ணன் பிழிந்தார். அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை கொல்லையில் குந்தித் தேங்காய்ப் பால் பிழிந்தது அந்த வருஷம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். நொய் தேங்காய்ப் பாலில் குழைந்ததும் கல்கண்டைத் தட்டிப் போட்டார். ஏலக்காய் இல்லை. கோயில் தீர்த்தத்துக்கு வைத்திருந்த பச்சைக் கற்பூரத்தில் கடுகளவு கிள்ளிப் போட்டார். முந்திரிக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வறுத்துக் கொட்டினார்.

இலை போட்டோம். எங்கள் பக்கத்தில் இலையில் முதலில் இனிப்புத்தான் விழும். அண்ணி வேறு யாரையும் பரிமாற விடவில்லை. தானே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் தன் அண்ணன் இலைக்குப் போய்க் குனிந்தார். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. மற்ற இலையெல்லாம் வெறுமையாக இருந்தது.

அறிவுச்செல்வன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் வழித்து வாயில் வைத்தார். "கற்பூரம் போட்டியா?"

"கொஞ்சூண்டு."

"ம்" என்றார். அது போனில் கேட்ட ம் இல்லை. இலை ஓரம் வரை வழித்தார். பூசணிக் கூட்டை இரண்டாம் தடவை கேட்டார். வெள்ளையடிக்கிற ஆளும் கேட்டான்.

வெற்றிலை மடிக்கும்போது அண்ணி எதிரில் போய் நின்றார். "அண்ணே, இன்னைக்கு விசேஷம் இல்ல. நாளைக்கும் இல்ல. மாசக் கடைசியில வர்ற அனுஷம்தான். இவரு போன்ல சரியாச் சொல்லல. தப்பு எங்க மேலதான்."

வெற்றிலை அவர் கையிலேயே நின்றது. "அப்ப இந்தச் சாப்பாடு?"

"பூமிகா கல்யாணத்துல பாதியில எழுந்தீங்கல்ல. அந்த மிச்சம்."

அறிவுச்செல்வன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணி நகரவில்லை, தடுக்கவும் இல்லை.

"டேய் ஜெகன்! வேனைத் தொற."

"எதுக்குப்பா, போறோமா?"

"தட்டையெல்லாம் எறக்கி உள்ள வைடா. தூக்கிட்டு வந்த சீரைத் திருப்பித் தூக்கிட்டுப் போறவனா நானு?" அண்ணன் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை, அறுபது வயசுல ஒரு தேதி ஒழுங்காச் சொல்லத் தெரியல. ரெண்டாவது அனுஷத்துக்கு வர்றேன். மூணாவதுன்னு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இத்தனை வருஷமா இப்பேர்ப்பட்டவருகூடக் குடும்பம் நடத்தறேனே, என்னைப் பாத்தா யாருக்கும் பாவமா இல்லையா?" என்றது வானதி. அப்போதுதான் அண்ணி அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார், முந்தானையில் முகத்தைத் துடைத்தார், முகமெல்லாம் கரி.

சீர்த்தட்டில் புடவை பத்திரமாக இருந்தது. பழம் அனுஷம் வரை இருக்குமா? இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு முழுப் பலா, ஆப்பிள், சாத்துக்குடி. அண்ணி விடவில்லை. பலாச்சுளை வெல்லத்தில் கிளறி டப்பாவுக்குப் போனது, கொட்டை குழம்புக்குப் போனது, வாழைப்பழம் அப்பமாயிற்று. ஆப்பிளை ரசத்தில் பார்த்த அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டேன்.

திருக்கடையூருக்கு அறிவுச்செல்வன் முதல் ஆளாக வந்தார். அவர் கொண்டுவந்த புடவையில்தான் அண்ணி உட்கார்ந்தார். பந்தியில் சமையல்காரர்கள் முந்திரி மிதக்கப் பாயசம் ஊற்றினார்கள். அறிவுச்செல்வன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அண்ணி தன் இலையில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

எனக்கு அந்த நொய்ப் பாயசம் நாக்கிலேயே நிற்கிறது. போன வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"அது இப்ப வராது தம்பி" என்றார் அண்ணி. "வெல்லம், முந்திரி, ஏலக்காய் எல்லாம் வீட்டுல இருக்கே."