சாமிக்கு வைத்த சுரைக்காய்

சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீடுகளில் தம்பிதுரை அண்ணன் வீட்டுப் புழக்கடைதான் பெரியது. பெரியது என்றால், மற்றவர்கள் புழக்கடையில் இரண்டு கட்டில் போடலாம், அவருடையதில் நான்கு போடலாம். மில் மேஸ்திரிக்கு அந்த அளவுக்கு மரியாதை உண்டு. அந்த இடத்தில் அவர் பயிர் வைக்காத காய் கிடையாது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சின்ன வாய்க்காலாக அங்கேதான் போகும். அவர் மனைவி நாச்சியம்மாள் அக்கா மறந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டால் போதும், மனிதர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அதிலும் எல்லோரும் வைக்கிற காய் அவருக்கு ஆகாது. வெள்ளைக் கத்தரி, ஊதா அவரை, புளிப்பே இல்லாத தக்காளி என்று எப்போதும் புதுரகம்தான். விதைக்கடையில் கலர் படம் போட்ட பொட்டலம் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய் நிற்பார்.

இத்தனைக்கும் காரணம் வெள்ளகோவில் பக்கத்தில் இருந்த அவருடைய பங்காளிகள். கிணறு வற்றிய வருடம் தன் பங்கு நிலத்தை விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவர் அவர். ஊர் விசேஷத்துக்குப் போனால், "வாங்க, மில்லுக்காரரே" என்பார்கள். சும்மா கேலிக்குச் சொல்வதுதான். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. நீயும் குடியானவன்தான் என்று அந்த வாய்களே ஒரு நாள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. நாலு கட்டில் இடத்தை வைத்துக்கொண்டு இப்படி ஓர் ஆசை.

அடுத்த வீடு கருப்புசாமியுடையது. அண்ணனுக்குக் கீழே அதே டிபார்ட்மெண்டில் வேலை. அவர் மனைவி மயிலாத்தாள், ஒரே மகள் அன்புச்செல்வி. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த வாயாடிப் பிள்ளை. இரண்டு புழக்கடைகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். புதுரகம் எது காய்த்தாலும் அண்ணன் முதலில் கொண்டுபோய் அந்தச் சுவர்மேல்தான் வைப்பார். மறுநாள், "எப்படி மயிலா இருந்துச்சு?" என்பார்.

"நல்லா இருந்துச்சுங்க மேஸ்திரிங்க."

அதைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியாது. குழாயடி வரைக்கும் வந்து எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வந்ததில்லை. அவர்கள் வீட்டுக்குக் கொடுக்கலாம், அவர்கள் வீட்டிலிருந்து வாங்கக் கூடாது. மில்லில் ஒரே மிஷினில் நின்றாலும் வீட்டுக்கு வந்ததும் சாதி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஒரே பந்தலில் இரண்டு சுரைக்கொடி ஏற்றினார். ஒன்று பொட்டலத்தில் வந்த புதுரகம். இன்னொன்று சாமியார்கள் கமண்டலம் செய்கிற கசப்புச் சுரை. அவிநாசித் தேர்க்கடையில் அதன் வடிவத்தைப் பார்த்து மயங்கி, பார்வைக்கு இருக்கட்டும் என்று வாங்கிவந்த விதை. புதுரகம் அந்த வருடம் வெண்ணெய் மாதிரி வெந்தது. நானே சாப்பிட்டிருக்கிறேன். அதில் நல்ல காயாக ஒன்றை முற்றவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி வைத்தார். இந்தக் கொடியின் பூவுக்கும் அந்தக் கொடியின் பூவுக்கும் தேனீ போய்வந்துகொண்டிருந்ததை அவர் யோசிக்கவே இல்லை.

அடுத்த வருடம் அந்த விதையைப் போட்டுப் பந்தல் நிறையக் காய்த்தது. பச்சைப் பசேலென்று, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மாசியில் குலதெய்வக் கோயில் பொங்கல். இந்தத் தடவை கூட்டுக்குக் காய் என்னுடையது என்று பங்காளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். சாமிக்கு என்று வைத்த காயை முன்னால் யாரும் வாயில் வைக்க மாட்டோம். கோயிலில் சமைக்கிறவர்கூட உப்புப் பார்க்க மாட்டார். அதனால் நாச்சியம்மாள் அக்கா ஒரு பிஞ்சுகூடப் பறிக்கவில்லை.

ஒரு காயில் மட்டும் பூச்சி அரித்த தழும்பு இருந்தது. சாமிக்கு ஆகாது. அண்ணன் அதைப் பறித்துச் சுவர்மேல் வைத்தார். நாம்தானே ருசி பார்க்கக்கூடாது, அவர்கள் பார்த்தால் தப்பில்லை என்று அக்காவிடம் சொன்னாராம்.

அடுத்த நாள் கருப்புசாமி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பிள்ளை துவண்டுபோய்க் கிடந்தது. அண்ணன் சுவரோரம் நின்று கேட்டார். அப்போது நானும் என் புழக்கடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பாளுக்கு என்னாச்சு மயிலா?"

"வயித்துக்கு ஆகலீங்க. ஒரே வாந்திங்க."

"கண்டதைத் தின்னிருக்கும். பாத்துக்க." போகத் திரும்பியவர், "சொரக்கா எப்படி இருந்துச்சு?" என்றார்.

மயிலாத்தாள் பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நல்லா இருந்துச்சுங்க."

அவருக்கு அது போதுமாக இருந்தது.

கோயிலில் நடந்ததை நாச்சியம்மாள் அக்காதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். சாமிக்குப் படையல் போட்டு, தீபம் காட்டி, பங்காளிகள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தானே கூட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனாராம். "நம்ம பந்தல் காய்ங்க, போட்டுக்கங்க" என்று இலைக்கு இலை இரண்டு கரண்டி. முதல் வாய் வைத்தவர் துப்பினார். பக்கத்து இலைக்காரர் துப்பினார். அப்புறம் வரிசையாக எல்லோரும். விஷக் கசப்பு. அண்டாவோடு தூக்கிக் குழியில் கொட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மூத்த பங்காளி ஒருவர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க தம்பி, உங்க மில்லுல நூலு மட்டுந்தான் நூக்கறீங்களா, பாகக்காயும் நூக்கறீங்களா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. எல்லோரும் சோறும் தயிருமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். சாமிக்கே கசப்பைப் படைத்துவிட்டோமே என்று அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

பஸ்ஸில் அவர் காலிச் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பஸ் ஊர் வந்து சேருவதற்குள் அவமானமெல்லாம் கோபமாகத் திரண்டுவிட்டது. கோபத்துக்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டது.

வேட்டியை மாற்றக்கூட இல்லை. நேரே புழக்கடைக்குப் போய்ச் சுவரைக் கையால் தட்டினார்.

"ஏம்புள்ள மயிலா! நல்லா இருந்துச்சுன்னு சொன்னயே, வாய் கூசாம! பங்காளிக அத்தனை பேர்த்துக்கு முன்னாடி என்ற மானத்தை வாங்கிப்போட்டயே!"

மயிலாத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சத்தம் கேட்டு நானும் போனேன். அவள் குரல் உயரவில்லை. அவளுக்கு அது பழக்கமில்லை.

"கசந்துச்சுங்க."

"அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்னே?"

"புதுரகம், இப்படித்தான் கசக்குமாட்டம் இருக்குதுன்னு நெனச்சோமுங்க. பாப்பா வேண்டாம்னு அழுதா. மேஸ்திரி குடுத்ததை வீசக்கூடாதுன்னு நாந்தான் மெரட்டி ஊட்டிப்போட்டேன்."

அண்ணன் கண் அவள் தோள்பக்கம் போனது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்ற அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நீங்க குடுத்ததை எப்பங்க நாங்க நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கறோம்? அந்த வெள்ளைக் கத்திரிக்கா ஒரே நாருங்க. தக்காளி வெறுந்தண்ணிங்க. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? அவரு உங்க கையில வேலை பாக்கறாரு."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் சுவரில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். இத்தனை வருடமாக எங்களிடம் அவர் அடித்த பெருமையெல்லாம் 'நல்லா இருந்துச்சுங்க' என்ற அந்த ஒரு வார்த்தையின்மேல்தான் நின்றது. அது பயத்தில் வந்த வார்த்தை என்று எங்களில் பாதிப் பேருக்காவது தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மறுநாளே பந்தலைப் பிரித்துவிட்டார். கொடியை வேரோடு பிடுங்கிக் காயப்போட்டு எரித்தார். மில்லில் கருப்புசாமி எதிரே வந்தால் இவர்தான் தலையைக் குனிந்துகொள்வார். கருப்புசாமிக்கு அது இன்னும் பயமாக இருந்தது. மேஸ்திரிக்கு என்மேல் என்ன கோபமோ என்று வீட்டுக்காரியிடம் புலம்பினாராம். மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். எத்தனையோ பேரை அதட்டிய அந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

வெகுநாள் கழித்து மறுபடியும் சுரை போட்டார். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பழைய நாட்டுச் சுரை. முதலில் வந்த காயை அவரே கிள்ளி, பச்சையாக மென்று பார்த்தார். அக்காவைச் சமைக்கச் சொல்லித் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் காலையில், இருப்பதில் அழகான காயாகப் பறித்து, துண்டால் துடைத்துச் சுவர்மேல் வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் அன்புச்செல்வி புழக்கடையில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தாயிடம் கேட்கவேண்டாம், பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்தாரோ என்னவோ. சுவரில் சாய்ந்துகொண்டு, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத குரலில் கேட்டார்.

"கண்ணு, சொரக்கா எப்படி இருந்துச்சு?"

பிள்ளை ஒற்றைக்காலில் நின்றபடி திரும்பிக் கதவைப் பார்த்தது. அங்கே மயிலாத்தாள் இருந்தாள். அந்த வாயாடிப் பிள்ளை காலைக் கீழே ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டது.

"நல்லா இருந்துச்சுங்க மேஸ்திரிங்க."

பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குப்பையோடு குப்பையாக அந்தச் சுரைக்காய் முழுசாகக் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை மயிலாத்தாளும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"சரி கண்ணு" என்றார் அண்ணன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.