பூட்டிய வீட்டில் பந்துச் சத்தம்

ஓசூர் ஜூஜுவாடியில் எல்லப்பன் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில், பூங்கொடியைப் போலப் பூட்டுப் போடுகிறவள் வேறு யாரும் இல்லை. சாவியைத் திருகியதும் இழுத்துப் பார்ப்பாள். கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியவள் பாதியில் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். "அப்படி என்னதான்டி வெச்சிருக்கே உள்ள?" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். நகையா நட்டா? உள்ளே அவள் மகன் இளம்பரிதி இருந்தான். பன்னிரண்டு வயது. கோடை விடுமுறை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவள் முழுப் பிள்ளையையே மறைத்தாள். விடியற்காலை ஷிப்டுக்குப் போகும்போதே அவன் அப்பா மாதவன் அவனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், பாகலூர் ரோட்டில் ஒரு கோச்சிங் வகுப்பில் விட்டுவிடுவதாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நேரத்துக்கு எழுந்து வந்து யார் பார்க்கப்போகிறார்கள்? பையனின் செருப்பைக்கூட வாசலில் விடுவதில்லை. டிவி போடக் கூடாது, ஜன்னல் பக்கம் போகக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. சார்ஜ் ஏற்றிய பழைய போன் ஒன்றும், டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் வைத்துவிட்டுப் போவாள்.

இவ்வளவு மறைப்பும் எதற்கு என்றால், முந்தின வருஷம் பக்கத்துத் தெருவில் இப்படிப் பூட்டி வைத்த ஒரு பெண்குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை யாரோ பார்த்துப் போன் போட்டுவிட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள். பெற்றவர்களை உட்கார வைத்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளை வைத்துப் பூட்டுவது நிற்கவில்லை. பூட்டியதை வெளியே சொல்வதுதான் நின்றது.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் பூங்கொடி. கல்யாணமான புதிதில் மாதவனோடு பஸ் ஏறி வந்து, ஓசூரின் குளிரில் நடுங்கி, கன்னடமும் தெலுங்கும் காதில் மோதி விழிபிதுங்கி, மூன்று மாதத்தில் இரண்டிலும் காய்கறி பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். மின்சாதனக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. தைரியசாலி என்றுதான் பெயர். அந்தத் தைரியம் எல்லாம் போன பொங்கலோடு போயிற்று.

அதுவரை அந்த லைனில் சாயங்காலமானால் காது கொடுக்க முடியாது. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் எல்லப்பனின் காலி மனை ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கே மட்டையோடு நிற்பார்கள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவார்கள். இளம்பரிதிக்கும் பக்கத்து வீட்டு பிரகாஷுக்கும் மழை நாளில்கூட ஆட்டம் நிற்காது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஹாலோ பிளாக் சுவர் ஒன்றுதான். இவன் இங்கிருந்து பந்தைச் சுவரில் அடிப்பான். அவன் அங்கிருந்து அடிப்பான். மூன்று தட்டுத் தட்டினால் 'வர்றியா?' என்று அர்த்தம். 'செவுத்த ஒடைச்சிட்டுத்தான்டா நிப்பீங்க' என்று பிரகாஷின் அம்மா நாகம்மாள் கத்துவாள்.

பொங்கல் கழிந்த ஒரு மாலை பந்து ரோட்டுக்கு ஓடியது. பின்னாலேயே பிரகாஷ் ஓடினான். அத்திப்பள்ளிப் பக்கமிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி. பூங்கொடி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பஸ் பிரேக் போடும்போதெல்லாம் இன்றும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

எல்லப்பன் மனையைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன், அதன் மேல் குனிந்த ஒரு தலை. பிறகு அதே அப்பா அம்மாக்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று, 'இந்தக் காலத்துப் புள்ளைங்க போனே கதின்னு கெடக்குதுங்க, ஓடியாடி வெளையாடுதுங்களா பாரு' என்று அங்கலாய்த்தார்கள். கேட்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மே மாதத்தில் ஒரு நாள் பூங்கொடி வேலை முடிந்து வந்து சாவியை எடுக்கும்போது நாகம்மாள் கையைப் பிடித்தாள். மகன் போனபின் தையல் கம்பெனி வேலையை விட்டவள் அவள். கணவர் நல்லுசாமி வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் தனியாகக் கிடப்பாள். தலை வாரி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வாரியிருந்தாள். பூ வேறு வைத்திருந்தாள்.

"பூங்கொடி, யாருகிட்டயும் சொல்லாத. பகல்ல உன் வூட்டுக்குள்ள எம்புள்ள இருக்கான்."

 மறைத்தது தெரிந்துவிட்டதோ என்று பூங்கொடி நினைத்தாள்.

"நீங்க யாரும் இல்லாத நேரம் பாத்து வர்றான். செவுத்துல பந்தடிக்கறான். மூணு தட்டு தட்டறான், முன்ன தட்டுவானே அதே மாதிரி. நேத்து நானும் மூணு தட்டு தட்டுனேன். ஒடனே திருப்பித் தட்டுறான் பூங்கொடி. எம்புள்ள என்ன மறக்கல."

'அக்கா, அது என் மகன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.  ஆனால் சொன்னால் பொய் உடையும். உள்ளே பிள்ளை இருப்பது ஊருக்குத் தெரியும். அதைவிட, பூ வைத்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே இளம்பரிதி சட்டை நனைய வேர்த்து உட்கார்ந்திருந்தான். போன் மூலையில் கிடந்தது. பந்தை ஏன் எடுத்தாய், சத்தம் போடக் கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"நான் சும்மாதாம்மா தட்டுனேன். அப்புறம் அவன்தான் கூப்பிடுறான்."

"எவன்?"

"பிரகாஷ்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்டது ஒன்றும் இல்லை. பட்டப்பகல். ஒரு சுவர். அந்தப் பக்கம் உயிரோடு ஒரு தாய், இந்தப் பக்கம் உயிரோடு ஒரு பிள்ளை. ஒருவருக்கொருவர் ஆவியாகியிருந்தார்கள். இரண்டையும் அறிந்தவள் பூங்கொடி ஒருத்திதான். 

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. காரணம் வாய்விட்டுச் சொல்லவே வெட்கமானது: எல்லாம் நன்றாக நடந்தது. நாகம்மாள் சோறு ஆக்கினாள், சாப்பிட்டாள், குழாயடிக்கு வந்தாள். இளம்பரிதி போனைத் தொடுவதில்லை. நாளெல்லாம் குதித்து, குனிந்து, பந்து பொறுக்கி, ராத்திரி தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டது போலத் தூங்கினான். ஜனவரியிலிருந்து ஊதிக்கொண்டே வந்த உடம்பு இறுகத் தொடங்கியது. மாதவனிடம் சொன்னபோது, "ரெண்டு பேருக்கும் நல்லதுதானே, வுடு" என்றான். விட்டாள். ஆனால் கம்பெனியில் நிற்கும்போது, கையில் இருக்கும் பாகத்தை மாட்டுகிற ஒவ்வொரு 'டக்'கும் அவளுக்குச் சுவரில் விழும் தட்டாகவே கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லைனின் கடைசி வீட்டு பாலாஜி கதவு திறந்திருப்பதைப் பார்த்து வந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட கிரவுண்டில் பெரிய பையன்கள் ஆடுகிறார்களாம், இவனையும் சேர்த்துக்கொள்வார்களாம். பூங்கொடிக்கே ஆச்சரியம், அவள் வாய் "போயிட்டு வா" என்றது. இளம்பரிதி அசையவில்லை.

பாலாஜி போனபின், "ஏன்டா போகல?" என்று கேட்டாள்.

"நான் போயிட்டா பிரகாஷ் தனியா இருப்பான்மா. ஸ்கூல் தொறந்தா நான் போகல. பகல்ல அவன்கூட யாரு வெளையாடுவா?"

சொன்னதில் அழுகை இல்லை, பிடிவாதமும் இல்லை. கணக்கில் கூட்டல் சொல்வது போலச் சொன்னான். பூட்டு வெளியே தொங்கிய நாளெல்லாம் இல்லாத பயம், கதவு விரியத் திறந்து கிடந்த அந்த மதியத்தில் அவளைப் பிடித்துக்கொண்டது. லாரிக்குப் பயந்து உள்ளே வைத்த பிள்ளையை உள்ளேயே பறிகொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலையே நாகம்மாள் வந்து நின்றாள். "நாளைக்குப் போறப்ப சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. ஒரே ஒரு தரம் தொறந்து பாக்கறேன். என்னைப் பாத்தா போயிடுவானோன்னுதான் இத்தனை நாளு கேக்கல."

"நானே தெறக்கறேன்க்கா. நாளைக்கு லீவு போட்டுடறேன்" என்றாள் பூங்கொடி.

மறுநாள், பையன் எப்போதும் போல் பந்தை எடுக்கட்டும் என்று, அவள் வழக்கம்போல் பூட்டிக்கொண்டு பஸ் வரை நடந்தாள். பஸ்ஸில் ஏறவில்லை. கோயில் மரத்தடியில் வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு நேராக நாகம்மாள் வீட்டுக்குப் போனாள். நாகம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகனுடைய மட்டையின் பிடியால் மூன்று தட்டுத் தட்டினாள். சுவருக்கு அப்பாலிருந்து உடனே மூன்று தட்டு. பிறகு பந்து. தொப், தொப் என்று சீராக.

"கேக்குதா? கேக்குதா பூங்கொடி?" நாகம்மாளின் முகம் அப்படி மலர்ந்து பூங்கொடி பார்த்ததில்லை. மட்டையைப் பிடித்தபடியே எழுந்து வெளியே ஓடினாள்.

அந்தப் பூட்டு அன்றுதான் சட்டென்று திறக்கவில்லை. பூங்கொடி சாவியை இரண்டு தரம் திருகினாள். கதவு திறந்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. இளம்பரிதி கையில் பந்தோடு, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். பயந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு நாகம்மாளைப் பார்த்தான், அவள் கையில் இருந்த மட்டையைப் பார்த்தான். பயம் போய் அவன் முகத்தில் ஒரு ஆவல் வந்தது.

"அத்தை, பிரகாஷ் உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கானா? நான் வந்து பாக்கவா?"

நாகம்மாள் வாசற்படியில் நின்றாள். வேர்த்து நனைந்த சட்டையையும், சுவரில் வட்ட வட்டமாக விழுந்திருந்த பந்தின் அழுக்கையும், மூலையில் இருந்த சாப்பாட்டு டப்பாவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகனை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தபோதும், எடுத்துக்கொண்டு போனபோதும், பதினாறாம் நாள் காரியத்திலும் அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்ததில்லை. 'அவன் இல்ல' என்று மற்றவர்கள் சொன்னால்கூட எழுந்து போய்விடுவாள்.

"இல்ல கண்ணு" என்றாள்.   "நாந்தான் தட்டுனேன். பிரகாஷ் செத்துட்டான் சாமி."

இளம்பரிதி கையிலிருந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அழுதான். ஜனவரியில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான். நாகம்மாள் அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அவன் அழுகை அடங்கியதும் தலை நிமிராமலே பூங்கொடியிடம் கேட்டாள்: "தெனமும் உள்ளதான் இருந்தானா?"

"ஆமாக்கா."

"பக்கத்துலயே நான் கெடக்கேன். பாத்துக்கக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்துக்க மாட்டேனா?" பூங்கொடியை நிமிர்ந்து பார்த்தாள். "பெத்த புள்ளயவே ரோட்டுல வுட்டவகிட்ட எப்படி வுடறதுன்னு நெனச்சிட்ட. இல்ல?"

  கோச்சிங் என்று ஊருக்கே பொய் சொன்ன பூங்கொடியின் வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. அவள் நினைத்தது அதைத்தான். வார்த்தையாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதைத்தான் நினைத்திருந்தாள்.

 நாகம்மாள் பையனின் மணிக்கட்டைப் பிடித்தாள். மட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

"வா கண்ணு. கிரவுண்டுல பசங்க ஆடறாங்க. ரோட்ட நான் தாண்டி வுடறேன்."

முள்கம்பி ஓரமாக இருவரும் நடந்தார்கள். பிரகாஷ் விழுந்த இடத்துக்கு நேராகத்தான் ரோட்டைத் தாண்ட வேண்டும். வேறு வழி இல்லை. 'வேண்டாம்க்கா, திரும்பி வா' என்று கத்த வேண்டும் போல் பூங்கொடிக்கு இருந்தது. வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டோரத்தில் நாகம்மாள் நின்றாள். ஒரு கம்பெனி பஸ் போனது. ஒரு லாரி போனது. அவள் இன்னும் நின்றாள். அடுத்து வந்த லாரி தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தபோதே அதற்கும் வழி விட்டு நின்றாள். ரோடு முழுக்கக் காலியான பிறகுதான், பையனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, அவள் தாரில் கால் வைத்தாள்.

பூங்கொடி இந்த முறை கண்ணை மூடவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.