மேலே தூவும் உப்பு

தக்காளியை வட்டமாக நறுக்கித் தட்டில் பரப்பி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி வைப்பாள். உப்பை மட்டும் ஆள் வந்து நிற்கும்வரை தூவ மாட்டாள். முன்கூட்டியே தூவினால் தக்காளித் தண்ணீரில் கரைந்துவிடும். சாமான் வாங்க வந்த யாராவது தள்ளுவண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கண்ணாடிப் புட்டியின் தக்கை திறந்துகொள்ளும். மூன்று விரலால் எடுத்து, தன் மூக்குக்கு நேரே கையைத் தூக்கி உதிர்ப்பாள். மீன் செதில் போல மெல்லிய உப்பு சிணுங்கிக்கொண்டு இறங்கும்.

"மெதுவா மெல்லுங்க. நறுக்குனு ஒரு சத்தம் கேக்குதா? அந்தச் சத்தத்துக்குத்தாங்க காசு."

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் வரிசை முடிந்து ரொட்டி அடுக்கு தொடங்கும் திருப்பத்தில் அவளுடைய மேசை இருந்தது. நீல ஏப்ரன், தலைமுடிக்கு வலைத்தொப்பி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கடைப் பிள்ளைகள் "உப்பக்கா" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களே தவிர, அவள் அவர்களுடைய ஆள் இல்லை. உப்பு கம்பெனி அனுப்பி வைத்த ஆள். அதனால் ஊழியர்களின் ஓய்வறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. சரக்கு இறக்கும் வாசலில், மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வாள். சாப்பிடும்போது யாராவது அந்தப் பக்கம் வந்தால் டப்பாவின் மூடியை லேசாகச் சாய்த்து மறைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. உள்ளே ஒளித்து வைக்க ஒன்றும் இருக்காது.

மேசை முன்னால் நின்றால் ஆளே வேறு.

"சாதா உப்பைவிட இத்தனை மடங்கு விலையா? தங்கம் கிங்கம் கலந்திருக்கா?" என்பார் ஒருவர்.

"தங்கம் இருந்தா நான் ஏங்க இங்க நிக்கிறேன்?"

"சமையலுக்குப் போடலாமா?"

"போடலாம், காசை அடுப்புல போட்ட மாதிரி இருக்கும். கொதிக்கிறதுக்குப் பாக்கெட் உப்பே ராஜா. இது மேல தூவறதுக்கு மட்டும். அவிச்ச முட்டை, வெள்ளரிக்காய், அவ்வளவுதான்."

சிரிப்பார்கள். பாதிப் பேர் இன்னொரு துண்டு கேட்பார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். அவளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பகல் முழுக்க முகம் தெரியாத மனிதர்கள் அவள் முன்னால் நின்று, மென்று, யோசித்து, அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அது போதுமாயிருந்தது.

வீட்டில் அவள் ஒருத்திதான். கல்யாணப் பேச்சு சில தடவை எழுந்து, எழுந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. அண்ணனோடு இருந்தாள். அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தவர், அவரும் தனிக்கட்டை. அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது உப்பை. "உனக்குத் தனியா எடுத்து வச்சுப் போட்டுக்கோ" என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. ஒரே பாத்திரம், ஒரே சாப்பாடு. இரண்டு பேரும் சப்பென்று விழுங்கினார்கள். வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனால்கூட அண்ணன் எதிர்த்துப் பேசமாட்டார். ஏன் என்று கேட்டால், "ரோஷம் வர்றதுக்கு நான் என்ன உப்புப் போட்டா சாப்பிடுறேன்?" என்பார். அந்த ஒரே நகைச்சுவையை வருஷக்கணக்கில் சொன்னார். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

அவர் போன பிறகு உப்புக்குத் தடை இல்லை. ஆனால் அடுப்பின் மேலிருக்கும் பாத்திரத்தில் உப்பைப் போட அவள் கை போகவில்லை. வெந்ததைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மேலே கொஞ்சம் தூவிக்கொள்வாள். நாக்கில் முதலில் உப்பு படும். மற்ற ருசியெல்லாம் அதன் பின்னால் மெதுவாக வரும். உப்பு கம்பெனி ஆள் தேடியபோது அவள் இதைத்தான் சொன்னாள். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

தொந்தரவு மேற்பார்வைப் பெண்ணின் உருவத்தில் வந்தது. கம்பெனியைச் சேர்ந்த சின்ன வயசுப் பெண். எப்போதும் இரண்டு போன், எப்போதும் மூச்சிரைப்பு.

"அக்கா, இனிமே ஒண்ணு சேத்துச் சொல்லுங்க. இதுல தாதுச்சத்து நிறைய, பிரஷர் உள்ளவங்களும் பயமில்லாம சாப்பிடலாம்னு."

"அப்படியா மேடம்? யாரு சொன்னா?"

"கம்பெனி சொல்லுது. புட்டி நகரலைன்னா மேசையை எடுத்துடுவாங்க. என்னையும் மேல கேள்வி கேக்குறாங்க, அக்கா."

அவள் தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. சத்தம், செதில், முட்டை என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வைப் பெண் பக்கத்தில் நின்ற ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். தக்காளியைத் தொடவில்லை. புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிரஷருக்கு நல்லதாமே? வீட்டுக்காரருக்கு உப்பே கூடாதுன்னுட்டாங்க. தட்டைத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போறார். விலை கூடுதலா இருந்தாலும் பரவால்ல."

மேற்பார்வைப் பெண் உப்பக்காவைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே புட்டி கூடைக்குள் போயிருக்கும். உப்பக்காவுக்கு அந்தப் புட்டி தெரியவில்லை, தள்ளிவிடப்பட்ட தட்டுதான் தெரிந்தது.

"உப்பு உப்புதாம்மா. புட்டி அழகா இருந்தா வேறயா ஆயிடாது. டாக்டர் கூடாதுன்னா இதுவும் கூடாது. வெங்காயத்தை நல்லாச் சிவக்க வறுத்துப் போட்டுப் பாருங்க, எலுமிச்சை பிழிஞ்சு குடுங்க. கோவிச்சுக்கத்தான் செய்வார். நீங்களும் கூட உக்காந்து அதையே சாப்பிடுங்க. தனியா சாப்பிட விடாதீங்க."

அந்த அம்மா புட்டியை வைத்துவிட்டு, அவள் கையை ஒரு கணம் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மேற்பார்வைப் பெண் கோபப்படவில்லை. "எனக்கு மட்டும் தெரியாதாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் மேசை போய்விட்டது. உப்பக்காவைத் தரை துடைக்கும் திரவத்தின் அருகே நிறுத்தினார்கள். உப்பு கம்பெனி முதலாளிக்குத்தான் அந்தத் திரவக் கம்பெனியும் சொந்தம். அங்கே ருசி பார்க்க ஒன்றுமில்லை. புட்டியைத் திறந்து காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். யாரும் நிற்கவில்லை, யாரும் கிண்டல் செய்யவில்லை. மாலையில் அவளுக்குத் தன் குரல் தொண்டையிலேயே தூங்கிப்போனது போலிருந்தது.

விற்காத உப்புப் புட்டிகளைச் சிவப்புச் சீட்டு ஒட்டி வாசலில் கூடையில் கொட்டியிருந்தார்கள். விலை குறைத்தும் அது பாக்கெட் உப்பின் பக்கத்தில் நிற்கிற விலை இல்லை. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். பில் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களே வாங்குறீங்களா? நிசமாவே அவ்வளவு நல்லா இருக்குமாக்கா?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. எது எந்த உப்பு என்று தெரியாமல் அவள் ஒருநாளும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. புட்டியைக் கண்ணால் பார்த்து, விலையை மனசில் வைத்து, அப்புறம்தான் மென்றிருக்கிறாள். நல்லாயிருந்தது உப்பா, விலையா?

வீட்டுக்கு வந்ததும் வெள்ளரிக்காயை நறுக்கினாள். பாதித் துண்டுகளில் பாக்கெட் உப்பு, பாதியில் புட்டி உப்பு. கண்ணை மூடித் தட்டைச் சுற்றிவிட்டு ஒன்றை எடுத்தாள். விரல் காட்டிக்கொடுத்துவிட்டது; செதில் விரலில் குத்தியது. முள்கரண்டியால் எடுத்துப் பார்த்தாள். அப்போதும் தட்டில் எந்தப் பக்கம் குத்தினோம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இந்த உப்புப் பெறாத விஷயத்துக்குக்கூட இன்னொரு ஆள் தேவைப்படுகிறதே என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு நடு வீட்டில் தனியாக நின்றது.

உப்பு கரைவதற்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு நர்ஸ் குடியிருந்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவார்கள், அதற்கு மேல் பேச்சில்லை. கதவு பாதி திறந்தது. நர்ஸ் இன்னும் சீருடையை மாற்றவில்லை.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு சின்ன உதவி. இதுல ரெண்டு விதமான உப்பு போட்டிருக்கேன். நான் பாக்காம சாப்பிட்டு எது எதுன்னு சொல்லணும். நானே கையில எடுத்தா தெரிஞ்சிடுது. நீங்கதான் ஒண்ணொண்ணா எடுத்து…"

நர்ஸ் தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இருங்க, கை கழுவிட்டு வரேன்."

உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது, காலடி வந்தது. அவள் வாசலில் நின்றபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தாள்.