வாயுவாக ஓடிய வகுப்பு

போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பட்டுப்புடவைக்காக பீரோவைத் திறந்தால், மடிப்புகளுக்கு நடுவே நான் போட்டுவைத்த அந்துருண்டைகளில் ஒன்றுகூட இல்லை. வாசனை மட்டும் பீரோ முழுக்க நின்றிருந்தது. என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி ஸ்மெல் அடிக்குதும்மா" என்றாள். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. சகாயமேரி மிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஈஜிபுராவில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கன்னடப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே கூரையின் கீழ். சகாயமேரி மிஸ் தமிழ்ப் பிரிவுக்கு அறிவியல் எடுத்தவர். லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். வந்த வேகத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே பாடத்தை ஆரம்பித்துவிடுவார். பருவத் தொடக்கத்தில் மேசைமேல் ஒரு அந்துருண்டையை வைப்பார். நாளாக ஆக அது சுண்டைக்காயாகி, மிளகாகி, ஒருநாள் காணாமல் போய்விடும். எங்கே போச்சு என்று கேட்பார். எலி தின்றுவிட்டது என்று அடித்துச் சொன்னவள் நான். அறிவியலில் என் முதல் கண்டுபிடிப்பு அது.

அது எங்கேயும் போகவில்லை, துகள் துகளாக இந்த அறை முழுக்க இருக்கிறது, நீங்கள் மூக்கால் இழுப்பது அதைத்தான் என்றார் மிஸ். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொல்லி, எங்களையே துகள்களாக்கிவிட்டார்.

"திண்மம்" என்றால் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஒட்டி நிற்க வேண்டும். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. அதை விட்டு நகரக் கூடாது, நின்ற இடத்திலேயே லேசாக ஆடலாம். "திரவம்" என்றால் உரசிக்கொண்டே இடம் மாறலாம், ஆனால் கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது. "வாயு" என்றால் அறை முழுக்க ஓடலாம், சுவரில் முட்டித் திரும்பலாம். அதற்காகவே அறிவியல் பீரியடுக்குத் தவம் கிடந்தோம். நான் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். நடுவில் நிறுத்தினால் வரிசை கலையாது என்று திண்மத்தில் எனக்கு நடு இடம். வாயுவாக மட்டும் நான் தேறவே இல்லை. கொஞ்சம் ஓடியதுமே மூச்சு வாங்கித் திரவமாகிவிடுவேன்.

அடர்த்தி பாடம் வந்தபோதுதான் மிஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். நம் அறையும் பக்கத்துக் கன்னடப் பிரிவு அறையும் ஒரே அளவு, எதில் அடர்த்தி அதிகம் என்று கேட்டார். அங்கே பெஞ்சுக்கு ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு பெஞ்சில் படுத்துத் தூங்கலாம். "அங்கதான் மிஸ்" என்று ஒரே குரலில் சொன்னோம். சரியான விடைதான். ஆனால் மிஸ் வழக்கம்போல் வெரிகுட் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் தமிழ் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் வசதி வந்ததும் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடுவார்கள். முடியாதவர்கள், கன்னடமாவது நாளைக்கு வேலைக்கு உதவும் என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கடைசியில், பிள்ளைகள் போதவில்லை, தமிழ்ப் பிரிவை மூடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மூடிவிட்டால் நாங்கள் பாதி வழியில் கன்னடத்துக்குப் போக வேண்டும். மிஸ்ஸுக்கு வகுப்பே இருக்காது.

ஹெட்மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாரி வரும் அன்று கன்னடப் பிரிவிலிருந்து கொஞ்சம் பிள்ளைகளை இரவல் வாங்கி எங்களோடு உட்காரவைப்பது. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அதுபோல. வாயைத் திறக்கக் கூடாது, தமிழ்ப் பிள்ளைகள் செய்வதையே செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. எங்கள் எதிர்வீட்டுப் பையன் மஞ்சுவும் அதில் ஒருவன். எங்கள் வீட்டுக் குழம்பில் பாதிப் பங்கு அவனுக்குத்தான். இந்த ஏற்பாடு மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். பாடத்தை நடத்துங்கள், பார்க்கிறேன் என்றார். மிஸ் உடனே பெஞ்சுகளைத் தள்ளச் சொல்லி, "வாயு" என்றார். ஓடுகிற பிள்ளைகளை யாரால் எண்ண முடியும்? மிஸ் போட்ட கணக்கு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கன்னடத்திலும் வாயு வாயுதான். இரவல் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகவே ஓடினார்கள். "திரவம்" என்றபோது அதையும் ஒருவாறு பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி சிரித்தேவிட்டார். அவரும் சயின்ஸ் படித்தவர் போலிருக்கிறது, மிச்சமிருக்கும் ஒன்றையும் காட்டச் சொன்னார்.

மிஸ் கொஞ்சம் தயங்கினார். பிறகு "திண்மம்" என்றார். நாங்கள் பழக்கதோஷத்தில் எங்கள் எங்கள் இடத்துக்குப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டோம். இரவல் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் தெரியாது, வரிசையில் இடமும் கிடையாது. சிலர் இன்னும் உரசிக்கொண்டு திரிந்தார்கள். மஞ்சு வரிசையில் எங்காவது நுழைய முடியுமா என்று பார்த்துவிட்டு, முடியாமல் தனியாக நின்றான். நீ எந்த வகுப்பு என்று அதிகாரி அவனைக் கன்னடத்தில் கேட்டார். பக்கத்து வகுப்பு, இன்றைக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டார்கள் என்று அவன் பெருமையாகவே சொன்னான்.

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். மிஸ்தான் பேசினார்.

"சார், ஒட்டி நிக்கிறாங்களே, இவங்கதான் என் கிளாஸு. கம்மிதான். ஆனா யாரை வேணா கேளுங்க, பாடம் தெரியாதவங்க ஒருத்தர் இல்ல."

அதிகாரியின் கண் நடுவில் நின்ற என்மேல் விழுந்தது. டென்சிட்டி என்றால் என்ன என்று கேட்டார். அடர்த்தி என்று மிஸ் எடுத்துக்கொடுத்தார். நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கேட்காமலே ஓர் உதாரணமும் சொன்னேன்: எங்கள் வகுப்பில் அடர்த்தி குறைவு, பக்கத்து வகுப்பில் அதிகம். சரியாகச் சொன்னாய் என்று அதிகாரி என் தலையைத் தட்டிக்கொடுத்தார். மிஸ் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் கன்னடத்தையும் கலந்து மெதுவாகச் சொன்னார்.

"நல்லா பாடம் மாட்றீங்க மேடம். ஆனா ரூம் காலி இருக்கு, நோடி."

நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள் என்ற முதல் பாதிதான் எனக்குக் காதில் விழுந்தது; அறை காலியாக இருக்கிறது பாருங்கள் என்றது விழவில்லை. வீட்டுக்கு ஓடி, நான் சரியாகப் பதில் சொன்னதால் தமிழ்ப் பிரிவு தப்பித்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்பிடியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறை முடிந்து போனால், எங்கள் அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். மிஸ்ஸை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கம், மஞ்சுவின் பெஞ்சில் ஆறாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் அங்கேயும் அதே பாடம் வந்தது. ஐஸ்கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார்கள். என் கை தானாக மேலே போனது. எழுந்து நின்ற பிறகுதான், என் வாயில் இருந்த 'திண்மம்' அங்கே செல்லாது என்று உறைத்தது. மஞ்சு கீழே குனிந்து, அதற்கான கன்னடச் சொல்லை, "கன, கன" என்று எடுத்துக்கொடுத்தான். அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தெரிந்த விடையை இரவல் வாங்கிச் சொன்னதில் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். மஞ்சு கல்யாணமாகி ஓசூர் ரோட்டுப் பக்கம் எங்கோ போய்விட்டான். மிஸ் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. கன்னடம் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை; ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. கட்டடம் போனதற்காகவெல்லாம் நான் வருத்தப்படுகிறவள் இல்லை. மூச்சுவிடாமல் ஒப்பித்து, கேட்காத உதாரணத்தையும் சேர்த்துச் சொன்ன அந்தப் பெண் எங்கே போனாள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஆபீஸ் மீட்டிங்கில் மானேஜர் ஏதாவது கேட்பார். எனக்கு விடை தெரியும். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருப்பேன். சொன்னதும், சரிதான் என்று தலையை ஆட்டுவேன்.