வீடியோ கேமுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

பணம் ஒரு தடையாக இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு பல வருடங்கள் நான் அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவியிடம் அவளுடைய சொந்தப் பணம் இருந்தது. படுக்கையில் விழுந்த என் அம்மாவைக் கவனிப்பதற்காக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டபோது அவள் கைக்கு வந்த பணம். அதிலிருந்து தனக்கென்று அவள் ஒரு புடவைகூட எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சபைக்குச் செயலாளராகவும் இருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி, ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவன் பிள்ளைகளுக்குப் புது மாடல் வாங்கியாயிற்றாம்.

"டைம் பாஸுக்கு வெச்சுக்கோக்கா. மாமாவுக்கும் கத்துக்குடு," என்றான்.

"உங்க மாமா பாபர் செத்த வருஷத்தைத் தவிர வேற எதையும் கத்துக்க மாட்டாரு," என்றாள் அவள்.

அவள் கற்றுக்கொண்டாள். அந்த விளையாட்டில் ஈட்டி பிடித்த ஒரு சின்ன வீரன் காடு, குகை, கடலடி என்று போய்க்கொண்டே இருப்பான். மதியம் வேலை முடிந்ததும் டி.வி. முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எக்ஸ்சேஞ்சில் பழகிய விரல்கள் பொத்தான்களில் ஓடுவதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். எதிரியைக் குத்தும்போது, "வாடா, வா, உன்னத்தான்," என்பாள். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ஒரு கஷ்டம் இருந்தது. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோடையில் தினமும் கரெண்ட் போகும். கடலடி அரண்மனை வரை போய்விட்டு, கரெண்ட் போய், இருட்டான டி.வி.யைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்ததை இரண்டு மூன்று முறை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சாப்பாடு போடும்போது, "இன்னைக்குக் கதவு வரைக்கும் வந்துட்டேங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியல," என்றாள். நான் ரசம் கேட்டேன்.

தம்பி போனில் சொல்லித்தான் அவளுக்கு அந்த இன்னொரு பெட்டியைப் பற்றித் தெரிந்தது. நம் பெட்டிக்கு அடியில் பொருந்துகிற மாதிரி தட்டையாக இருக்குமாம். அதில் சி.டி. போட்டு ஆடலாமாம். அந்த சி.டி. விளையாட்டுகளில் பல, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். புது மாடல்கள் வந்துவிட்டதால் பழையதாக மெஜஸ்டிக் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் என்றானாம்.

"வாங்கலாமாங்க?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் பொருள் அது.

என் மனதில் இருந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குப் பொறாமை. நான் கல்லூரியிலிருந்து வந்து மணி அடித்தால், "ஒரு நிமிஷம்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். முன்பெல்லாம் செருப்புச் சத்தத்துக்கே கதவு திறக்கும். ஒரு தடவை நானும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். காட்டைக்கூடத் தாண்ட முடியவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மாடிக் கட்டடத்தின் உள்சந்தில், ஆள் நிற்கவே இடம் போதாத கடை. கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கி, துணியால் துடைத்து, எங்கள் முன் வைத்தார்.

"நோடி சார், பாருங்க, ஒரே பீஸ். இதை விட்டா பெங்களூர்ல கிடையாது. பையன் எந்த கிளாஸ்?"

"பையனுக்கு இல்லைங்க, எனக்குத்தான்," என்றாள்.

அவர் ஒரு கணம் பார்த்தார். "அரே வாஹ்! எத்தனாவது ஸ்டேஜ் மேடம்?"

அவள் சொன்னாள். அவர் கடைப்பையனைக் கூப்பிட்டு, "கேட்டியாடா? உன்னால இன்னும் குகையே தாண்ட முடியல," என்றார். அவள் முகம் சிவந்துபோயிற்று. போட்டிப் பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைங்க, யோசிச்சுட்டு வரோம்," என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எந்த சி.டி. முதலில் வாங்குவது, பெட்டியை எந்த மேஜையில் வைப்பது என்று. நான், "ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணலாம்," என்றேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பெண் பார்த்துப் பிடிக்காமல் போகிறவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைத் தட்டிக்கழிக்கிறவர்கள், பாடகர் குழுவில் சேர விருப்பமில்லாதவர்கள், எல்லோரும், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்," என்பார்கள். கேட்டவருக்கு அர்த்தம் தெரியும். மறுபடி கேட்க மாட்டார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். "இதுக்குமா?" என்றாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதிக்காரர்கள் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்போம். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. பாட்டும் வாசிப்பும் முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்புகளைச் சொல்வார்கள். ஒருவர் மகனுக்கு விசா. ஒருவருக்குச் சர்க்கரை இறங்க வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு நான் சொன்னேன்:

"நம்ம வீட்டுலயும் ஒரு காரியம் இருக்கு. வீட்டம்மா வீடியோ கேமுக்கு ஒரு பார்ட் வாங்கணும்னு ஆசைப்படுறாங்க. இருக்கிறதை ஆடியே கண்ணு கெட்டுட்டு வருது. வாங்கலாமா வேணாமான்னு ஆண்டவரோட சித்தம் தெரியணும்."

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "செக்ரெட்டரி ஐயா, ஆடுறது அம்மாவா நீங்களா? உண்மையைச் சொல்லுங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சமையலறை வாசலில் ட்ரேயோடு நின்றிருந்தாள்.

வயதான ஒரு அம்மாள், உண்மையான பிரியத்தோடுதான், "சும்மா இருங்கய்யா. பாவம், மடியில ஒரு புள்ள இருந்தா இந்தப் பொண்ணு ஏன் பொட்டி முன்னால போய் உக்காரப் போகுது?" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் முழங்காலிட்டோம். லிங்கராஜபுரத்திலிருந்து வரும் சகோதரர் ஒருவர் உரக்க ஜெபித்தார். விசாவுக்கும் சர்க்கரைக்கும் பிறகு எங்கள் முறை வந்தது. "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் வெறுமையை நீர் அறிவீர். நிரம்பாத மடியை நீர் அறிவீர். உலக விளையாட்டுகளால் அதை நிரப்பப் பார்க்கிற பலவீனத்தை மன்னியும்." எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லாததற்குக் குறை என்னிடம்தான் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். எத்தனையோ பேர் அவளிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்திருக்கிறார்கள். ஒருவரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

அவள் பிரம்பு நாற்காலியில் முகத்தைப் புதைத்து முழங்காலிட்டிருந்தாள். ஜெபம் முடிந்ததும் எழுந்து, "சமோசா ஆறிடும், எடுத்துக்குங்க ஆண்ட்டி," என்று அந்த அம்மாளிடம் முதலில் தட்டை நீட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் கேம் பெட்டியின் ஒயர்களைச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணாம்னா சொன்னேன்? ஜெபிக்கலாம்னுதானே சொன்னேன்," என்றேன்.

"ஜெபிச்சாச்சு இல்ல? பதில் வந்துடுச்சு," என்றாள். ஸ்டூலில் ஏறி அதைப் பரணில் வைத்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

அதற்குப் பிறகு கூட்டங்களில் அவள் முறை வரும்போதெல்லாம், "எனக்கு ஒண்ணும் இல்ல, மத்தவங்களுக்காக ஜெபிங்க," என்பாள். என்ன நல்ல மனசு என்று ஜனங்கள் மெச்சினார்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். கேம் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு தடவை அவள், "எடது பக்க ஓரத்துலேருந்து வர்றவன் மட்டும் எனக்குத் தெரியவே மாட்டேங்கறான். எல்லாரையும் அடிச்சுடறேன், அவன்கிட்ட மட்டும் மாட்டிக்கறேன்," என்று சொல்லியிருந்தாள். நான் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. அந்தப் பேச்சை வைத்துத்தான் கூட்டத்தில் கண்ணு கெடுது என்று சேர்த்துச் சொன்னேன். அக்கறையால் இல்லை, என் பேச்சுக்கு ஒரு வலு வேண்டுமே என்பதற்காக.

வருடங்கள் போயின. கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வாள். மேஜையில் டம்ளரைத் தட்டிவிடுவாள். யார் பேசினாலும் தலையை முழுசாகத் திருப்பிப் பார்ப்பாள். வயசாகிறது என்று நினைத்தேன். ஒரு நாள் மார்க்கெட் ரோட்டைக் கடக்கும்போது, பக்கத்தில் வந்த ஸ்கூட்டரைப் பார்க்காமலே காலை வைத்துவிட்டாள். ஸ்கூட்டர்காரன் கன்னடத்தில் திட்டிக்கொண்டே ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தாள். அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகியிருக்கிறது என்றாள். ஓரங்கள் முதலில் போகும், நடுவில் மட்டும் தெரியும். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?"

"ரொம்ப வருஷமா. வீடியோ கேம் ஆடுறப்பவே ஓரம் தெரியாது," என்றாள் இவள்.

"கேம் ஆடினதாலதானே டாக்டர்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைக் கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அங்கிள். அப்பவே வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்."

ஆட்டோவில், "ஏன் சொல்லலை?" என்றேன். அவள் நேராகப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"சொன்னா வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க. கேம் ஆடித்தான் கண்ணு போச்சுன்னு முழங்கால் போட்டு ஜெபிச்சிருப்பாங்க. என்னால இன்னொரு தடவை அந்த நாற்காலியில மூஞ்சை வெச்சுக்க முடியாதுங்க."

அந்த வாரமே செயலாளர் பதவியை விட்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். உண்மையைச் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, மிக்சி மூடி தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைப் பக்கத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். தரையில் விரித்த தார்ப்பாயில், செத்த டெலிபோன்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. அதே தட்டையான கறுப்புப் பெட்டி.

"டி.வி.டி. பிளேயர் சார், நல்லா ஓடும்," என்றான் விற்கிறவன். அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கையில் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வாங்கிப் போனால் என் மனது கொஞ்சம் ஆறும். அவளுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது அவளுக்கு டி.வி. திரையில் ஒரு கையகலம்தான் தெரியும். கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை அவளுக்கு மருந்து விடும்போது சொன்னேன். தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள். அவள் கண்ணிமையை என் விரல் பிடித்திருந்தது.

"அந்தப் பெட்டியை இன்னைக்குப் பார்த்தேன். சந்தையில கிடந்துச்சு."

"எந்தப் பெட்டி?" என்றாள். பிறகு அவளே புரிந்துகொண்டாள். "வாங்கினீங்களா?"

"இல்லை."

"ஏன், ஜெபம் பண்ணிட்டு வரேன்னு சொல்லிட்டீங்களா?"

நான் மருந்துக் குப்பியை அழுத்தினேன். சொட்டு இமையில் பட்டுக் கன்னத்தில் வழிந்தது.

"உள்ள விழல. இன்னொண்ணு விடுங்க," என்றாள்.