டாக்டர் வரிசையில் நின்ற காலை

1964, ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. நெய்வேலியில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தேன். சுரங்கத்தில் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்த அவருக்கு முந்தைய நாள்தான் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். சிதம்பரத்தில் இலக்கியம் படித்துவந்த நான் விடுப்பெடுத்து வந்திருந்தேன்.

பெரிய டாக்டர், பயிற்சி நர்சுகள் எட்டுப் பேருக்கு எலும்பு முறிவு குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வலி இருக்கிறதா என்று அவர் கேட்டதும், "ஒண்ணும் இல்ல டாக்டரய்யா, சொகமாத்தான் இருக்கு" என்றார் அப்பா. விடியும்வரை அவர் முனகியதை நான் கேட்டிருந்தேன். வேலை இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. வலி என்றால் வேலைக்கு ஆகாதவர் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு. எனக்கும் அதே அச்சம். ஆகவே வாய் திறக்கவில்லை.

மாவுக்கட்டுப் போடவும் வெட்டவும் துணைநிற்கும் டிரஸ்ஸர், கம்மாபுரத்துக்காரர், கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கால்விரலைத் தொட்டார்.

"அய்யா, இவரு பொய் சொல்றாருங்க. பல்லக் கடிச்சிகினு கெடக்குறாரு."

"பாடம் நடக்குதுல்ல? வாளியை எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றார் தலைமை நர்ஸ். நானும் டிரஸ்ஸரை முறைத்தேன்.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். "எதை வெச்சு சொல்றீங்க?"

டிரஸ்ஸர் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது.

"செவப்பு திரும்பலீங்க. வெரலு சில்லுனு இருக்கு. உள்ள வீங்கிகினு வருது. இப்பவே கட்டப் பொளந்துடணுங்க, இல்லாட்டி காலு தங்காது."

டாக்டர் குனிந்து ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினார். அப்பா அலறினார்.

"வெட்டுங்க" என்று சொல்லி, டாக்டரே காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கட்டு நெடுக்கப் பிளந்தது. சிறிது நேரத்தில் நகங்களில் ஒவ்வொன்றாகச் சிவப்பு ஏறியதை நான் கண்ணால் கண்டேன்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. டாக்டர் தம் இடத்தை விட்டு நடந்துபோய், பயிற்சி நர்சுகளின் வரிசையில் கடைசியாக நின்றார்.

"மீதிப் பாடத்தை இவர் எடுப்பார். யார்கிட்டயாவது பென்சில் இருக்கா?"

"என்ன இப்பிடி மாட்டி வுட்டுட்டீங்களே அய்யா!" என்றார் டிரஸ்ஸர். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்: "எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை நகத்தைப் பார்ப்பீங்க, சொல்லுங்க." எட்டுப் பெண்களோடு டாக்டரும் பதிலை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, அப்பா கண்ணால் தடுத்தும் கேளாமல், அவர் இரவில் முனகிய வேளைகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து, எழுந்து நின்று டிரஸ்ஸரிடம் கொடுத்தேன். நான் அறிந்ததைச் சொல்வதற்கும் அந்த வார்டில் இடமுண்டு என்னும் துணிவை, வரிசையின் கடைசியில் போய் நின்ற அந்த டாக்டர்தான் எனக்குத் தந்திருந்தார்.