மேஸ்திரி கத்தாத வாரம்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவு மேஸ்திரி தவசிமுத்து. மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே காலத்தை ஓட்டியவர். கல்யாண வீட்டில் அவர் சாம்பார் கேட்டால் வாசலில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருஷம் மில்லில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மனசு நொந்துதான் போகிறார்கள் என்று யாரோ முதலாளியிடம் சொல்ல, வாரம் ஒருநாள் வந்து போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நௌஷீன் என்ற மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்தார்கள். முதல் வகுப்பு மேஸ்திரிகளுக்கு. "கத்தாதீங்க. பக்கத்துல போய் மெதுவாப் பேசுங்க. மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றார் நௌஷீன்.

தவசிமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. மறுநாளே ரமீஜாவின் மெஷின் பக்கம் போய்க் குனிந்து, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"இந்த மாசம் நான் லீவே போடலையே அண்ணாச்சி!" என்று பதறினாள் ரமீஜா.

விளக்கிச் சொல்லலாமென்றால் குரலை உயர்த்தக் கூடாதே! தலையை ஆட்டிவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார்.

கேன்டீனில் அன்று வேறு பேச்சே இல்லை. "அண்ணாச்சி கத்தவே இல்ல. ஆளக் கொறைக்கப் போறாகளோ?" என்றாள் ரமீஜா. "அதில்ல, அவியளுக்குத் தொண்டையில கட்டியாம்" என்றான் பக்கத்து மெஷின் பெலிக்ஸ். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் பெலிக்ஸ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றான். "தைரியமா இருங்க அண்ணாச்சி. சர்ச்சுல மெழுகுதிரி ஏத்திருக்கேன்."

நௌஷீன் வந்ததும் தவசிமுத்து நேரே அவரிடம் போனார். "ஏம்மா, கத்துனா மனசு நோவுதுங்கீய. கத்தலேன்னா எனக்குக் கருமாதியே நடத்திருவானுவ போலுக்கே!"

நௌஷீன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "தப்பு என்மேலதான் அண்ணாச்சி. ஓடுற மெஷின் பக்கத்துல நின்னு கேட்டா யாரு பதில் சொல்லுவா? வெளிய கூட்டிட்டுப் போங்க. ஒண்ணுமே கேக்க வேண்டாம். சும்மா கூட இருங்க."

"பேசாமயா?" என்றார் தவசிமுத்து திகிலோடு.

அன்று சாயங்காலம் கேத்ரினின் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அவள் ஒட்டாமல் வெறித்துக்கொண்டு நின்றாள். 'ஏட்டி, தூங்குதியா?' என்று வாய்வரை வந்ததை மேஸ்திரி விழுங்கினார். மெஷினைப் பெலிக்ஸிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவளைச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தார். எதையாவது சொல்ல நாக்கு துடித்தது. டம்ளரின் விளிம்பைக் கடித்துக்கொண்டார்.

டீ ஆறிய பிறகு அவளே பேசினாள். "மில்லு சங்கு ஊதுனாலே நெஞ்சு படபடங்குது அண்ணாச்சி. நின்னுபோனவுக மெஷினையும் நாந்தான் பாக்கேன். வீட்டுல கண்ண மூடுனாலும் நூல் அறுந்துக்கிட்டே கெடக்கு. சொன்னா பைத்தியம்னு அனுப்பிருவீகளோன்னு..." அழுதாள்.

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது தாயி. ஆனா ஒன் மெஷினக் கொறைக்கத் தெரியும்."

"எம் பேரச் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன்."

நேரே மேனேஜர் கௌதம்ராஜின் அறைக்குப் போனார். கூடுதல் மெஷின்களால் ஆட்கள் படும் பாட்டை வகுப்பில் சொன்னபடியே மெதுவாக எடுத்துச் சொன்னார். கௌதம்ராஜ் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆள் இல்லையே தவசி. அடுத்த மாசம் பாப்போம்." தவசிமுத்து திரும்பவும் மெதுவாகச் சொன்னார். அதே பதில்.

"ஆளு இல்லேன்னா மெஷின நிறுத்துங்க சார்! மனுசிய எதுக்கு நிறுத்தாம ஓட்டுதிய?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பின்னிங் பிரிவில் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அது கேட்டது. ரமீஜா இரு கைகளையும் உயர்த்தினாள். "யா அல்லா, அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்ல!" பெலிக்ஸ் விசிலே அடித்துவிட்டான்.

புது ஆள் வரும்வரை ஆளில்லாத மெஷின்கள் நின்றன. கேத்ரின் நௌஷீனிடம் பேசினாள். அவர் அனுப்பிய டாக்டரை ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பார்த்தாள். காய்ச்சலுக்குப் போடுவது போலவே லீவு போட்டு, தேறித் திரும்பி வந்தாள். இப்போதும் சில நாள் படபடப்பு வரும். "செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேன்" என்பாள். யாரும் ஏனென்று கேட்பதில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் இப்போது கூட்டம். மாமியார் மிக்ஸியைத் தொட விடுவதில்லை என்பதை ரமீஜா அரைமணி நேரம் சொல்கிறாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எம்புட்டுக் கஷ்டம் என்று தவசிமுத்து ஒருநாள் நௌஷீனிடம் புலம்ப ஆரம்பித்தார். நௌஷீன் குறுக்கே பேசவில்லை. மேஸ்திரி அன்று தன் பஸ்ஸைத் தவறவிட்டார்.